ஐந்தாம் அடுக்குப் பெண்

சனிக்கிழமை காலை பெர்னாத்தின் வீட்டில் வெள்ளைக் காற்சட்டைகள் துவைக்கும் நேரம். அந்த வீட்டில் மூன்று பேருமே மனிதக் கோபுரக் குழுவைச் சேர்ந்தவர்கள். வாரத்துக்கு இரண்டு பயிற்சி, ஒருவர் தோள்மேல் இன்னொருவர் ஏறி இறங்குகிற வேலை. அதனால் துணி எல்லாவற்றிலும் அடுத்தவர் பாதம் பதிந்திருக்கும். துவைப்பது பெர்னாத்தின் பொறுப்பு. டிராக்டர் பழுது பார்க்கிற கை என்பதால், கறை போக்குவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவருக்கு ஒரு பெருமை.

மகள் ஐனாவின் காற்சட்டைப் பையைத் திருப்பி உதறினார். பழைய பேருந்துச் சீட்டு ஒன்று விழுந்தது, தலைமுடிக்குப் போடுகிற ரப்பர் வளையம் விழுந்தது, அப்புறம் பிளாஸ்டிக் தாளில் மடித்த சின்னப் பொட்டலம் ஒன்று விழுந்தது. பிரித்துப் பார்க்க அவசியமே இல்லாமல் வாடை முந்திக்கொண்டது. கஞ்சா. கூடவே சுருட்டுகிற தாள் ஒரு கட்டு, பாதி தீர்ந்திருந்தது. அந்தப் பாதியைத்தான் அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு நாள் விளையாட்டாக இழுத்துப் பார்த்த கதை இல்லை இது.

பதினாறு வயது ஐனா சமையலறையில் தக்காளி தேய்த்த ரொட்டியைத் தின்றுகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொட்டலம் அவள் தட்டுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

"என்னடி இது?"

"என்னோடது இல்ல."

"காற்சட்டை யாரோடது? அதுவும் பக்கத்து வீட்டுக்காரியோடதா?"

மெல்லுவதை நிறுத்தினாள். "எல்லாரும்தான் அடிக்கிறாங்க. பெரிய கொலைக் குத்தம் மாதிரி பேசாதப்பா."

"எவன் குடுத்தான்? பேரச் சொல்லு!"

"நீ அடிச்சதே இல்லையா?"

பெர்னாத் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "என் வாழ்நாள்ல தொட்டதில்ல!"

சுத்தப் பொய். இருபது வயதில் இரண்டு வருடம் ஊதித் தள்ளியவர்தான் அவர். வாசலில் நின்ற மனைவி ரோசெருக்கு அது நன்றாகத் தெரியும். அவள் சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "கத்தாத பெர்னாத். ஒரு வயசுல எல்லாப் பிள்ளைங்களும் இழுத்துப் பாக்கும். தானா விட்டுடும்," என்றாள்.

"உனக்கு எல்லாமே தானா சரியாயிடும். வீட்டுக் கொதிகலன்கூடத் தானா சரியாயிடும்னு நீ சொன்னதை நம்பித்தான் போன குளிர்காலம் முழுக்க நடுங்கினோம்."

இப்படியாக ஒருவர் குதித்தார், ஒருவர் பூசி மெழுகினார். ஏன் என்று கேட்கத்தான் அந்தச் சமையலறையில் ஆள் இல்லை. ஐனா கதவை அறைந்து சாத்திக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

பெர்னாத்தின் பயத்தைக் குறை சொல்ல முடியாது. பச்சைச் சட்டை போடுகிற அந்தக் கோபுரக் குழுவுக்கு ஆறு வருடமாக அவர்தான் தலைவர். செப்டம்பர் கடைசி ஞாயிறன்று ஊர்த் திருவிழா. அன்று சதுக்கத்தில் எட்டு அடுக்குக் கோபுரம் கட்டிவிட வேண்டும் என்பது குழுவின் நான்கு வருடக் கனவு, இதுவரை ஒரு தடவைகூட நிற்கவில்லை. அந்தக் கோபுரத்தில் ஐனாவின் இடம் ஐந்தாம் அடுக்கு. அவள் முதுகில் கால் வைத்து ஏறித்தான் ஏழு வயது ப்ரூனா, தலைக்கவசம் மாட்டிய சின்ன உருவம், உச்சிக்குப் போய்க் கையைத் தூக்குவாள். அந்த நேரத்தில் ஐனாவின் தலை கிறுகிறுத்தால்? 

ஆகவே ஐனாவை மேலே ஏற்றக் கூடாது என்று முடிவு செய்தார். அதுவரை சரிதான். ஆனால் அதை அவர் செய்த லட்சணம் இருக்கிறதே!

செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு நூறு பேர் வந்திருந்தார்கள். கோபுரத்தில் ஆடுகிற ஆளைப் பிடுங்கி எடு என்பது அவர் பல வருடமாகச் சொல்லி வந்த வார்த்தை. வீட்டையும் கோபுரமாகவே நினைத்துவிட்டார் மனிதர். பயிற்சிக் கூடத்தின் நடுவில் நின்று, "ஐனா கஞ்சா அடிக்கிறா. இனிமே இந்தக் குழுவுல அவளுக்கு இடம் இல்ல. கச்சையை அவுத்துக் குடுத்துட்டுப் போகட்டும்," என்றார்.

இடுப்பைக் காக்கிற அந்தக் கறுப்புக் கச்சை ஏழெட்டு மீட்டர் நீளம். இறுக்கிச் சுற்றியதைப் பிரிக்க நேரம் பிடிக்கும். நூறு ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஐனா தன்னைத் தானே சுற்றிச் சுற்றி அதை அவிழ்த்தாள்.  கோபுரம் ஏறும்போது குழல் வாசிக்கிறவர்களோடு உட்கார்ந்திருந்த ரோசெர் எழுந்தாள், மறுபடி உட்கார்ந்துகொண்டாள். ஐனா துணியைச் சுருட்டி பெர்னாத்தின் கையில் வைத்தாள்.

"நன்றி, தலைவரே," என்றாள். அப்பா என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றுபோனது. கோடை விடுமுறை, காலையில் போகிறவள் இருட்டும் நேரத்தில் வருவாள், தட்டைத் தொட மாட்டாள், கண் சிவந்திருக்கும். வியாழக்கிழமை ரோசெர் தாங்க முடியாமல் வெடித்தாள்.

"நான் கண்டுக்காம விட்டேன், அது என் தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா நீ செஞ்சது என்ன? தலைவரா ஜெயிச்சிட்ட. வீட்டுக்கு அப்பா ஒருத்தர் வேணும், எங்கயாவது கிடைப்பாரா?"

"குழு விதின்னா விதிதான்," என்றார் பெர்னாத். குரலில் பழைய மிடுக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம், அவர் ஒரு டிராக்டரின் அடியில் படுத்திருந்தபோது பட்டறை வாசலில் இரண்டு கால்கள் வந்து நின்றன. ப்ரூனாவின் அம்மா மெரிச்செல். ஏற்கெனவே இவளிடம் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தபடி அவர் வெளியே ஊர்ந்து வந்தார்.

"மெரிச்செல், உன் குழந்தைக்கு ஆபத்து வந்திருக்கும். எனக்குத் தெரியாமப் போச்சு. மன்னிச்சிடு."

"உம் பொண்ண மேல ஏத்தாதது சரி. ஏத்தியிருந்தா நானே உன் சட்டையப் பிடிச்சிருப்பேன்," என்றாள் மெரிச்செல். "ஆனா அவளத் துரத்தி விட்டியே, இப்ப எங்க இருக்கான்னு தெரியுமா? பழைய ரயில் பாலத்துக்கு அடியில. நாள் பூரா. பயிற்சி இருந்தா வாரத்துல ரெண்டு நாளாவது அவ நம்ம கண்ணு முன்னாடி இருந்தா. இப்ப அதையும் பிடுங்கிட்ட."

பெர்னாத் எண்ணெய்த் துணியில் கையை அழுத்தித் துடைத்தார்.

"இன்னொண்ணு சொல்லணும். இத உன்கிட்ட முன்னாடியே சொல்லாதது என் தப்பு." அவள் குரல் இறங்கியது. "மே மாசம் கோபுரம் சரிஞ்சுதே, அதுக்கப்புறம் ப்ரூனா வீட்டுக்கு வந்து சொன்னா, 'அம்மா, நான் மேல ஏறுறப்ப ஐனாவோட கால் நடுங்குது'ன்னு. கொஞ்ச நாள் கழிச்சு, 'இப்ப நடுங்கல, ஆனா அவகிட்ட ஒரு மாதிரி வாடை வருது'ன்னா. ஏதோ சென்ட்டா இருக்கும்னு விட்டுட்டேன். நூறு பேர் இருக்கோம் பெர்னாத். அவ பயந்தது ஒரு ஏழு வயசுக் குழந்தைக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு."

பெர்னாத்துக்கு அந்த மே மாத ஞாயிறு ஞாபகம் வந்தது. ஏழு அடுக்குக் கோபுரம் சரிந்து, அடியில் நெருங்கி நின்று தாங்குகிற கூட்டத்தின்மேல் ஐனா விழுந்தாள். எலும்பு எதுவும் முறியவில்லை. விழுந்தவரை அப்போதே மறுபடி ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பயம் உடம்பில் தங்கிவிடும் என்பது அங்குள்ள குழுக்களின் நெடுநாள் பழக்கம். பத்தே நிமிடத்தில் அவளை மறுபடி ஏற்றினார். சதுக்கமே கைதட்டியது. 'எம் பொண்ணப் பாத்தீங்களா' என்று அன்று மாலை முழுவதும் மார்தட்டிக்கொண்டு திரிந்தவர் அவர்தான்.

பட்டறையைப் பாதியில் பூட்டிவிட்டுப் பாலத்துக்கு நடந்தார். வெயில் தணியாத நாலு மணி. அவரைக் கண்டதும் ஐனாவோடு இருந்த இரண்டு பையன்கள் திராட்சைத் தோட்டத்துக்குள் ஓடி மறைந்தார்கள். அவர்களைத் துரத்திப் பிடித்துக் காதைத் திருக வேண்டும் என்று கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு, ஐனாவுக்குப் பக்கத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். முழங்கால் மளுக்கென்று சத்தம் போட்டது.

"திட்டத்தான வந்த? திட்டிட்டுப் போ," என்றாள் அவள், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"நான் பொய் சொன்னேன். நானும் அடிச்சிருக்கேன். ரெண்டு வருஷம்."

"தெரியும். அம்மா முகத்தத் திருப்பினாளே, அப்பவே தெரியும்." அவர் பக்கம் திரும்பி, "ஏன் விட்ட?" என்றாள்.

"ஒரு நாள் டிராக்டர் எஞ்சின முழுசாப் பிரிச்சுப் போட்டேன். திரும்ப மாட்டத் தெரியல. எந்தத் திருகு எங்க போகும்னு சுத்தமா மறந்துபோச்சு. சாயங்காலம் வரைக்கும் அதுங்கள வச்சு அழகா வட்டம் வட்டமா அடுக்கிட்டிருந்தேன். முதலாளி வந்து பாத்துட்டு வெளிய தள்ளிட்டாரு."

ஐனா சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். மூக்கு வழியாகச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது.

"உனக்கு அது எதுக்கு வேணும்னு நான் கேக்கவே இல்ல," என்றார் பெர்னாத். "இப்பக் கேக்கறேன்."

அவள் ஒரு குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். மூன்று தடவை அவருக்கு அறிவுரை தொண்டை வரை வந்தது, மூன்று தடவையும் விழுங்கினார். அவர் வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலைகளில் அதுவும் ஒன்று. ஒரு சரக்கு ரயில் தலைக்குமேல் தடதடத்துப் போனது. அப்புறம்தான் ஐனா வாயைத் திறந்தாள்.

"விழுந்த அன்னைக்கு மறுபடி ஏத்தினியே. எல்லாரும் கை தட்டினாங்க. அதுக்கப்புறம் போய் எனக்குப் பயமா இருக்குன்னு எப்படிச் சொல்றது? ஒவ்வொரு தடவை ஏறுறப்பவும் கால் கிடுகிடுன்னு ஆடும்ப்பா. மறுபடி விழற மாதிரியே இருக்கும். ஒருத்தன் குடுத்தான், அடிச்சா ஆட்டம் நின்னுது. அப்புறம் ப்ரூனாவ நெனச்சுத் தூக்கம் வரல. தூக்கம் வரலன்னு மறுபடி அடிச்சேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். தலைவரிடம் சொல்ல முடியாது, வீட்டில் அப்பாவும் அதே ஆள்தான். அவள் வேறு யாரிடம் சொல்லியிருப்பாள்? பெர்னாத்தின் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"பயந்த பிள்ளையப் பத்து நிமிஷத்துல மேல ஏத்தினேன் பாரு, அது என் தப்பு. நூறு பேர் முன்னாடி உன்ன நிக்க வச்சது அதைவிடப் பெரிய தப்பு. உன்ன இப்ப மேல ஏத்த மாட்டேன் ஐனா. அதுல மாத்தம் இல்ல."

"நானும் ஏற மாட்டேன்."

"ஆனா அடியில நிக்கலாம். வீட்டுல கஞ்சா இருக்கக் கூடாது. அம்மாவும் நானும் உன்கூட டாக்டர்கிட்ட வர்றோம். நடுவுல தவறிட்டா வந்து சொல்லு. நான் கத்த மாட்டேன்."

"நீயா? கத்த மாட்டியா?"

"முயற்சி பண்றேன்," என்றார் பெர்னாத்.

அடுத்த வாரம் சுகாதார நிலையத்தில், வளரும் பிள்ளைகளைப் பார்க்கிற நர்ஸிடம் மூன்று பேரும் போனார்கள். பெற்றவர்களை வெளியே உட்காரச் சொன்னாள் அவள். பெர்னாத் ஒரு மணி நேரம் நடைபாதையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, சுவரில் ஒட்டியிருந்த பல் துலக்கும் முறையை நான்கு தடவை படித்தார். உள்ளே என்ன பேசினார்கள் என்று ரோசெர் மகளைக் கேட்கவில்லை. சாப்பிட என்ன வேண்டும் என்றுதான் கேட்டாள். தினமும் சாயங்காலம் இருவரும் சேர்ந்து நடக்கப் போனார்கள். தானாகச் சரியாகும் என்ற பேச்சை ரோசெரும் விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் பெர்னாத் அதே நடுக்கூடத்தில், அதே நூறு பேர் முன்னால் நின்றார். 

"போன வாரம் எம் பொண்ண உங்க முன்னாடி அவமானப்படுத்தினேன். தலைவனுக்கும் அது அழகில்ல, அப்பனுக்கும் அழகில்ல. ஐனா, எல்லாருக்கும் முன்னாடியே மன்னிப்புக் கேக்கறேன். அவ மேல ஏற மாட்டா. அடிக் கூட்டத்துல நிப்பா."

நாற்பது வருடமாக அடியில் நிற்கிற கிழவர் ஃபெலியு கையைத் தூக்கினார். "உம் பொண்ணுங்கறதால விதிய வளைக்கிறியோ?"

"வளைக்கல. அடியில தோள் குடுக்க ஊர்ல யாருக்குத் தடை இருக்கு? போன வருஷம் நீங்க மூணு கிளாஸ் ஒயினப் போட்டுட்டு நின்னீங்களே, நான் கேட்டேனா?"

"ரெண்டு கிளாஸ்தான்!" என்று ஃபெலியு கத்த, கூடம் சிரிப்பில் குலுங்கியது. மெரிச்செல் எழுந்தாள். "மேல ஏறுறது என் குழந்தை. அவளுக்குக் கீழ ஐனாவோட தோள் இருக்கறதுல எனக்குச் சம்மதம்." ஃபெலியு முணுமுணுத்தபடி கொஞ்சம் நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டார்.

எல்லாம் அன்றோடு வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது என்று நினைக்க வேண்டாம். ஆகஸ்ட் நடுவில் ஒரு நாள் காலை, பெர்னாத் காபியைக் கையில் எடுத்தபோது ஐனா எதிரே வந்து நின்றாள். "நேத்து அடிச்சிட்டேன். ஒரே ஒரு தடவை." பெர்னாத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. கோப்பையைக் கீழே வைத்தார். ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "சொன்னதுக்கு நன்றி," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. "நர்ஸ்கிட்டயும் சொல்லிடுவோம். வா, சாப்பிடு."

"உனக்கு மூஞ்சி பீட்ரூட் மாதிரி ஆயிடுச்சுப்பா."

"ஆகட்டும். கத்தலல்ல?"

திருவிழா நாள் வந்தது. நண்பகல் வெயிலில் சதுக்கம் நிரம்பி வழிந்தது. மாடிகளில் ஆள், விளக்குக் கம்பங்களில் ஆள். பச்சைச் சட்டைகள் நடுவில் வட்டமாக நெருங்கி, முன்னால் நிற்பவர் முதுகில் நெஞ்சை அழுத்தி, கைகளை உயர்த்தி நின்றார்கள். அந்த நெரிசலில் எங்கோ ஐனா. அடியில் நிற்பவர்கள் கோபுரத்தைப் பார்க்க முடியாது, தலை குனிந்து பாரத்தை மட்டும் தாங்க வேண்டும்.

மூன்று மூன்று பேராக ஏறினார்கள். மூன்றாம் அடுக்கு, நான்காம் அடுக்கு. குழல்கள் எழும்பின. ரோசெரின் ஸ்வரம் ஒரு இடத்திலும் பிசகவில்லை. ஐந்தாம் அடுக்கில் வேறொரு பெண் நிமிர்ந்து நின்றாள். ஆறாம் அடுக்கு ஏறியதும் கோபுரம் இடப்பக்கம் சாய்ந்தது. நான்கு வருடமும் உடைந்தது இந்த இடத்தில்தான்.

"அடிக் கூட்டம்! இடப்பக்கம்! தள்ளு!" என்று பெர்னாத் தொண்டை கிழியக் கத்தினார்.

அடியிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. அதன் நடுவே ஒரு பெண் குரல், "தள்ளுங்க! இன்னும்! விடாதீங்க!" என்று உச்சத்தில் கேட்டது. அந்தக் குரலை அவர் எந்தக் கூட்டத்திலும் அடையாளம் கண்டுகொள்வார். சாய்ந்த கோபுரம் நடுங்கியபடியே நேராக வந்தது. ப்ரூனா சுவரில் பல்லி ஏறுகிற மாதிரி சரசரவென்று ஏறினாள், உச்சியைத் தாண்டும்போது கையைத் தூக்கினாள். சதுக்கம் இரைந்தது. பெர்னாத் மூச்சே விடவில்லை. கடைசி ஆள் பத்திரமாக இறங்கினால்தான் கணக்கு. ஏழு, ஆறு, ஐந்து என்று ஒவ்வொரு அடுக்காகக் கழன்று இறங்கி, கடைசி மூவரும் கூட்டத்துக்குள் இறங்கியதும் பச்சைச் சட்டைகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு அழுதன, சிரித்தன, குதித்தன. எட்டு அடுக்கு! ஃபெலியு ஐனாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார். இந்தத் தடவை எத்தனை கிளாஸ் என்று யாரும் கேட்கவில்லை.

பக்கத்து ஊர்ச் சிவப்புச் சட்டைகளின் தலைவர் இக்னாசி, போட்டிக்காரர்தான், கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கை குலுக்கினார்.

"எட்டு கட்டிட்டியே, பாவி மனுஷா! ஆனா அஞ்சாம் அடுக்குல உம் பொண்ணக் காணோமே? எவனையாவது இழுத்துக்கிட்டு ஓடிட்டாளா?"

பெர்னாத் ஐனாவைத் திரும்பிப் பார்த்தார். சொல்வதா வேண்டாமா என்பது அவள் விஷயம். ஃபெலியுவின் தோளிலிருந்து இறங்கி வந்த ஐனாவுக்கு முடியெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது, கன்னத்தில் யாரோ ஒருவரின் சட்டை மடிப்பு பதிந்திருந்தது.

"ஓடலங்க. கஞ்சா அடிச்சேன், அதனால கீழ நின்னேன். நாப்பது நாளாச்சு, தொடல."

இக்னாசியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பெர்னாத்தின் கையைப் பிடித்துக் கொஞ்சம் ஓரமாக இழுத்தார். "எப்படிய்யா தாங்கின? நானா இருந்தா வீட்ட விட்டே துரத்தியிருப்பேன்." குரல் இன்னும் தாழ்ந்தது. "எம் பையன்கிட்டயும் ரெண்டு மாசமா அந்த வாடை வருது. எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல."

"நானும் துரத்தினேன் இக்னாசி," என்றார் பெர்னாத். "என் ஆயுசுல அதைவிட மோசமான சரிவு பாத்ததில்ல. கேட்டுக்கோ. தடுமாறுற பிள்ளைய மேலேருந்து இறக்கத்தான் வேணும், அது பெத்தவங்க கடமை. ஆனா கூட்டத்துலேருந்து தள்ளிடக் கூடாது. கண்டும் காணாம விடவும் கூடாது. திட்டறதுக்கு முன்னாடி ஏன்னு கேளு. கேட்டுட்டு வாய மூடிட்டு இரு."

"கேட்டும் பதில் வரலன்னா?"

பெர்னாத் மகளைப் பார்த்தார். அவள்தான் பதில் சொன்னாள்.

"எழுந்து போயிடாதீங்க. பக்கத்துல உக்காந்திருந்தா, வரும்."

இக்னாசி பெர்னாத்தின் கையை விட்டார். தன் சிவப்புச் சட்டைக் கூட்டத்துக்குள் மகனைத் தேடிக்கொண்டு போனார்.